என்னிடம் அழாதவள்

மார்ச் 4
மனைவியின் கணுக்காலை அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இதயம் சரியாக இறைக்காததால் நீர் சேர்கிறது என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பில்லாமல் சமைப்பது, தண்ணீர் அளப்பது, தலையணை அடுக்குவது எல்லாம் நான். ஆனால் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து வந்துதான், “மனசு லேசா இருக்குங்க” என்கிறாள். லேசாக்கியது யார்? அங்கே வரும் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்!

மார்ச் 9
அவருக்கும் இதே நோய். அதே மாத்திரைகள். பிரார்த்தனை முடிந்ததும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் ஸ்கூட்டரோடு காத்துக் கிடக்கிறேன். கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

மார்ச் 10
“அப்படி என்னதான் பேசுவீங்க?”
“சும்மாதாங்க.”
சும்மாவாம்.

மார்ச் 15
வேலையில் புத்தி இல்லை. லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், உள்ளே ஆள் இருப்பதைக் கவனிக்காமல் கரண்டை நிறுத்திவிட்டேன். வெளியே வந்த அம்மாள் கிழிகிழியென்று கிழித்தார். உறைக்கவே இல்லை. என் இதயமும் கெட்டிருந்தால் என்னோடும் பேசுவாளோ? — சே, என்ன நினைப்பு! ஆனாலும் நினைத்தேன்.

மார்ச் 18
பிரார்த்தனைக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் என்று புளுகினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

மார்ச் 20
கடைக்கே போனேன், சண்டை போடத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறினார்.
“தங்கச்சி ஏன் வரல? மூச்சு கீச்சு திணறுதா?”
“இல்ல, நல்லாத்தான் இருக்கா” என்றேன். பிறகு கேட்டேன். “உங்ககிட்ட அப்படி என்ன சொல்றா?”
தயங்கினார். “அழுவாங்க. செத்துருவேனான்னு பயமா இருக்கும்பாங்க. எனக்கும் பயந்தாம்மான்னு சொல்வேன். சேர்ந்து கும்பிட்டுட்டு எந்திரிப்போம். அவ்வளவுதான்.”
“என்கிட்ட ஏன் அழல?”
“நீங்க தாங்க மாட்டீங்களாம்.”

மார்ச் 21
நானே கூட்டிப் போனேன். பெஞ்சுப் பக்கம் போகவில்லை. தூரத்தில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்.

மார்ச் 29
வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். “எனக்கும் பயமா இருக்குடி.”
“உங்களுக்குமா?” என்றாள். என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நானும்தான். மூக்கைச் சிந்தி என் சட்டையிலேயே துடைத்தாள்.
அவர் சட்டையில் இப்படித் துடைத்திருக்க மாட்டாள்.