குறுக்குக் கோடு போடாத அட்டைகள்

14-5-1986, புதன். திண்டிவனம்.

இன்று சூப்பர்வைசரை அடித்துவிட்டேன்.

விழுப்புரத்தில் எங்கள் கணக்கு புரொபசர் ஆலை ஆலையாக அலைந்து வாங்கித் தந்த கோடைப் பயிற்சி இது. மூன்று வாரமாகக் கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கினேன். இன்றுதான் என் புரோகிராமை வரிக்கு ஓர் அட்டையாக, இருநூறு அட்டைகளில் துளை போட்டு பஞ்ச் செய்து சூப்பர்வைசரிடம் நீட்டினேன்.

"காலனிப் பையனுக்கு கம்ப்யூட்டர் கேக்குதா? ஒழுங்கா பெருக்கிக்கினு கெட" என்று அட்டைகளை என் முகத்தில் விட்டெறிந்தான். மூக்கில் குத்தினேன். மூன்று பேர் சேர்ந்து என்னைப் புரட்டி எடுத்தார்கள்.

புரொபசர் சார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த வருஷம் நம்ம பசங்க எவனையும் உள்ள விடமாட்டானுங்கப்பா."

அட்டைகளைப் பொறுக்கி வந்துவிட்டேன். அட்டைக் கட்டின் பக்கவாட்டில் சாய்வாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தால், கலைந்தாலும் வரிசை தெரியும். அவசரத்தில் போடவில்லை. ஒவ்வொன்றாகப் படித்து அடுக்குகிறேன். ஓர் அட்டையில் அவன் ரத்தம். துளைகளை அது மறைக்கவில்லை.