எந்த நாளிலிருந்து பிரிந்தோம்?

சமையலறை மேசை
மே 12

எனியோவுக்கு,

நலமா என்று கேட்கத் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டே பிரிந்து வாழ்கிறோம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் சமையல், துவையல், படுக்கை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னாரே, மறந்துவிட்டதா? நேற்று மழையில் கொடியிலிருந்த என் துணிகளை எடுத்து மடித்து வைத்தது யார்? அதையெல்லாம் ரொசால்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நம் பிரிவுக்குச் சத்தியம் செய்யப்போகிற சாட்சியே அவள்தான். ஜூனில் நான் புது வேலைக்காக டார்வின் நகரத்துக்குப் போவதற்குள் இந்த விவாகரத்து முடிய வேண்டாமா?

இன்னொரு விஷயம். வியாழக்கிழமை வகுப்பில், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, பிரிப்பதற்கான ஆங்கில வினைச்சொற்களை நடத்தப்போகிறேன். சர்க்கரை மில்லின் கரும்பு ரயிலில் பெட்டியைக் கழற்றுவதற்கு நீங்களெல்லாம் என்ன சொல்வீர்கள்? இத்தனை வருஷம் நீ எஞ்சின் ஓட்டியும் நான் கேட்டதில்லை.

கிளெனிஸ்


மே 13

அன்புள்ள கிளெனிஸ்,

மழை, இது அவள் துணி இது இவன் துணி என்று பார்த்தா பெய்கிறது? இனிமேல் உன்னுடையதை நனைய விடுகிறேன்.

‘அன்கப்பிள்’ என்போம். கழற்றுவதற்கு முன்னால், நிற்கப்போகிற பெட்டிகளுக்கு பிரேக் போட வேண்டும். மறந்தால் யாரும் தள்ளாமலே உருண்டு பாலம்வரை போய்விடும். இதை உன் மாணவர்களுக்குச் சொல்.

பிரிட்ஜில் லசான்யா மீதி இருக்கிறது. நீ சாப்பிட்டால் சட்டம் என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

எனியோ


மே 15

எனியோ,

லசான்யா சாப்பிட்டேன். உப்பு குறைவு.

பலகை நிறைய எழுதிப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கினால் அன்பிளக். பில் கட்டாதவன் வீட்டில் கரண்டை நிறுத்தினால் டிஸ்கனெக்ட். சீட்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுப்பது டிடாச். கத்தி பட்டு விரல் துண்டாகப் போனால் செவர். உன் அன்கப்பிளையும் பிரேக்கோடு சேர்த்துச் சொன்னேன்.

லெப்பானி என்று ஒரு பிஜிக்காரன், வாழைத் தோட்டத்தில் வேலை. கையைத் தூக்கினான். “டீச்சர், புருஷன் பொண்டாட்டி பிரியறதுக்கு இதுல எது?”

“செப்பரேட்,” என்றேன்.

“அதை யாரு பண்றது?”

“ரெண்டு பேரும்தான்.”

“அதெப்படி டீச்சர்? யாராவது ஒருத்தர் முதல்ல ஆரம்பிச்சிருக்கணுமே!”

வகுப்பே சிரித்தது. நான் தேநீர் இடைவேளை விட்டுவிட்டேன். வெளியே வந்து நின்றபோது ஆத்திரமாக வந்தது. ஆரம்பித்தவன் நீ. அதை அங்கே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

கிளெனிஸ்


மே 17

கிளெனிஸ்,

நானா ஆரம்பித்தேன்? நன்றாக இருக்கிறது கதை!

காலையில் ரொசால்பா வேலியோரம் கூப்பிட்டாள். “சத்தியம் பண்றேன்டா எனியோ, எனக்கென்ன? ஆனா எந்த நாள்லேர்ந்துன்னு கேப்பாங்களே, என்னத்தச் சொல்ல?”

போன ஜூன், நீ பின்னறைக்குப் போன நாள் என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அட மக்கு! ஜூன்ல மில்லு அரவை ஆரம்பிச்சா இந்தத் தெருவுல எல்லாப் பொண்டாட்டியும் பின்னறைக்குத்தான் போறா. ராத்திரி ஷிப்டு முடிச்சு வர்றவன் பகல்ல தூங்க வேணாமா? நானுந்தான் போனேன். அதுக்காக எம் புருஷன் வக்கீலைப் பாக்கப் போனானா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது எனக்குத் தெரியாதா? ஆனால் அரவை முடிந்த பிறகும் நீ திரும்பி வரவில்லையே! நவம்பரில் கடைசிப் பெட்டி உள்ளே போய் மில் சங்கு ஊதிய அன்று, வீட்டுக்கு வந்து குளித்து, உன் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றி வைத்தேன். நீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இவள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனியோ


மே 18

எனியோ,

உறை மாற்றினாயா? அதை நான் சுவர் வழியாகப் பார்க்க வேண்டுமா?

ஒவ்வொரு வருஷமும் சங்கு ஊதியதும் பின்னறைக் கதவைத் தட்டி, “அரவை முடிஞ்சிருச்சு, வீட்டுக்கு வா” என்பாய். பத்தடி தூரத்துக்கு அப்படி ஒரு அழைப்பு. போன வருஷமும் சங்கு கேட்டதும் தலை வாரிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீ தட்டவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. கூப்பிடாத இடத்துக்கு நானாக எப்படி வருவேன்?

ஜனவரியில், “நாம பிரிஞ்சுதானே இருக்கோம்” என்று சொன்னேன். இல்லையென்று நீ சண்டை போடுவாய் என்றுதான் சொன்னேன். நீ “சரி” என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பி டார்வினில் வேலைக்கு எழுதிப் போட்டேன்.

ஏன் தட்டவில்லை?

கிளெனிஸ்


மே 20

அன்புள்ள கிளெனிஸ்,

தட்டத்தான் வந்தேன். நீ உன் தங்கையோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். “இந்த ரூமுக்கு வந்தப்புறம்தான்டி நிம்மதியா தூங்குறேன்” என்றாய். ஓங்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். உன் நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை.

இப்போது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஜூனும் இல்லை, நவம்பரும் இல்லை என்றால் நாம் எப்போது பிரிந்தோம்? ரொசால்பாவிடம் எந்த நாளைச் சொல்வது? பிரிந்துதான் இருக்கிறோமா, அல்லது பிரேக் போட மறந்து உருண்டு வந்துவிட்டோமா?

டார்வினுக்கு நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எனியோ


ஜூன் 2

எனியோ,

நான் சொன்னது உன் குறட்டையை, மடையா! குறட்டை இல்லாமல் தூங்கினேன் என்பதற்கு, நீ இல்லாமல் இருந்துவிடுவேன் என்றா அர்த்தம்?

இந்தப் பன்னிரண்டு நாளும் இதை எழுதி எழுதிக் கிழித்தேன். கோபம் போகவில்லை. நவம்பரிலிருந்து இத்தனை மாதமும் வீணாகப் போனதற்கு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

இன்று வகுப்பு முடிந்து வந்தால், என் தலையணை முன்னறைக் கட்டிலில் இருக்கிறது. உன் தலையணையும் பூட்ஸும் பின்னறையில். ‘நாளை அரவை ஆரம்பம், இந்த வருஷம் நான் பின்னறையில் தூங்குகிறேன், நீ முன்னறையிலேயே இரு’ என்று சொல்ல வருகிறாய், அப்படித்தானே? மறுபடியும் ஊமையாட்டமா? நீ தலையணையை நகர்த்துவாய், அதை நான் ஒரு மாதிரி புரிந்துகொள்வேன், அடுத்த மே மாதம் ரொசால்பா வந்து விளக்கம் சொல்வாளா?

வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று நாளைக் காலை டார்வினுக்குக் கடைசிப் பதில் சொல்லியாக வேண்டும். நீ எதைச் சொன்னாலும் கேட்கத் தயாராக இருக்கிறேன். ‘போகாதே’ என்று சொல். ‘நானும் வர்றேன்’ என்று சொல். ‘போய்த் தொலை’ என்றாலும் அதை முகத்தைப் பார்த்துச் சொல். ‘சரி’ என்று மட்டும் சொல்லிப் பார், உன் பூட்ஸைக் கரும்புக் காட்டில் தேட வேண்டியிருக்கும்.

முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தலை வாரியாகிவிட்டது. போனை அணைத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே.

வந்து கதவைத் தட்டு.

கிளெனிஸ்