ஏழு மடிப்புப் பிளனல்

போன செவ்வாய்க்கிழமை உமது மகள் அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது துணிக்கு முன்னால் மணம்தான் வெளியே வந்தது. முழங்காலுக்கு நீர் பூசுகிற அந்தத் தைலம். எத்தனையோ முறை சலவைக்குப் போய் வந்தும் உள்மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொன்றியலில், லாசாலில் உள்ள என் சமையலறை முழுவதும் உம்முடைய மணம். யன்னலைத் திறந்துவிட்டேன். மாசி மாதக் குளிர் உள்ளே வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

பெட்டிக்குள் உமது வெள்ளைக் கால்சட்டையும் ஒரு தாளும் இருந்தன. நீர் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. இந்த நகரத்தில் உமக்கு நினைவுக் கண்காட்சி வைக்கிறார்களாம். கால்சட்டையைக் கண்ணாடிக்குள் வைத்துக் கீழே ஒட்டப்போகும் வாசகத்தை என் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தாள். ‘இதன் முழங்காலுக்குள் கீழைநாட்டுத் தையற்காரி ஒருத்தி மந்திரித்த நூலை வைத்துத் தைத்தாள்.’ அடியில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் வாசித்தேன். கையெழுத்து வைக்கவில்லை. பிறகு நடந்ததை உமக்குத்தான் சொல்ல வேண்டும்.

உம்மோடு நான் எப்போதும் ஆங்கிலத்தில் கதைத்தேன். கன்னியர் மடத்தில் கற்ற ஆங்கிலம் அது. ‘தயவுசெய்து’ இல்லாமல் அதில் எனக்கு ஒரு வசனமும் வராது, ஒருவரை ஏசவும் தெரியாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். நீர் சொன்னவற்றையும் உமது மகள் சொன்னவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கு ஒழுங்காகக் கோபம் வரும்.

என் கணவர் உம்மை எனக்கு முன்பே அறிந்திருந்தார். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர், இங்கே ஒரு பேக்கரியில் மா மூட்டை இறக்கினார். வானொலியில் உமது அணியின் பேஸ்போல் ஆட்டம் போகும்போது வீட்டில் ஒருவரும் தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கூடாது. “கிரிக்கெட் தெரிஞ்சவனுக்கு இது ரெண்டு கிழமையிலை பிடிபடும், இஞ்சாரும்,” என்று எனக்கும் விளக்க வந்தார். ஓடுபவர் தொட வேண்டிய தளங்களில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பவர் நீர். அந்தப் பக்கம் வரும் பந்தை மறித்துப் பிடித்து முதலாம் தளத்துக்கு எறிவது உமது வேலை. கரும்புத் தோட்டத்து ஊரொன்றில் மற்றவர்களின் உடுப்பைத் தைத்தும் இஸ்திரி போட்டு மினுக்கியும் பிழைத்த தாய்க்குப் பிறந்தவர். பதினேழு வயதில் ஒப்பந்தம் எழுதியவர். என் பிறந்தநாளை மறந்த வருடங்களிலும் உமது விபரம் ஒன்றையும் அவர் மறந்ததில்லை.

நான் வேலைசெய்த கடையில்தான் உமது அணியின் உடுப்புகளைத் திருத்தினார்கள். ஒரு திங்கட்கிழமை, முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், நீர் பின்கதவால் வந்தீர்.

“வலது முழங்காலுக்குள்ளை மெத்தை மாதிரி ஏதும் வைச்சுத் தைப்பியளோ, மிஸிஸ்? வெளியிலை தெரியக்கூடாது. எங்கடை டொக்டருக்கும் தெரியக்கூடாது.”

“எங்கை, காலைக் காட்டும்.”

காட்டினீர். முழங்கால் உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் மினுங்கியது.

“இதோடை ஏன் விளையாடுறீர்?”

“சொன்னா ஆட விடாமல் இருத்திப்போடுவாங்கள். எனக்கு முப்பத்திநாலு வயசு. ஒருக்கா இருத்தினா பேந்து எழும்ப விடமாட்டாங்கள்.”

கடையில் எனக்குக் கிடைத்த வேலையெல்லாம் பழுதான ஸிப் மாற்றுவதும் கரை மடிப்பதும்தான். மடத்தில் குருவானவரின் பூசை உடுப்புத் தைத்த கை இது. தையல் உள்ளும் தெரியக்கூடாது, வெளியும் தெரியக்கூடாது. ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டாலும் மதர் முழுவதையும் பிரிக்கச் சொல்லுவா. அந்தத் தையலை உமது முழங்காலுக்குத் தைத்தேன். மெல்லிய பிளனல் துணி, முதலில் ஐந்து மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் முந்தியதைவிட அரை விரல் சிறிது, அதனால் விளிம்பு துருத்தவில்லை. கால்சட்டையை மேசையில் விரித்துக் கையால் தடவிப் பார்த்தேன், எனக்கே இடம் தெரியவில்லை.

அளவு பார்க்க உம்மை முக்காலியில் ஏற்றி நிறுத்தினேன். “என்ரை அம்மாவும் இப்பிடித்தான், வாயிலை குண்டூசியை வைச்சுக்கொண்டு ஏசுவா,” என்றீர். ஆடாமல் நில்லும் என்று நான் வாய் திறந்ததும் ஊசிகள் நிலத்தில் விழுந்தன. கெட்ட காலோடு நீரே இறங்கிப் பொறுக்கித் தந்தீர். அந்த ஒரு நாள் உம்மை எனக்குப் பிடித்திருந்தது.

அன்றே வாக்கும் கேட்டீர். “நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. எல்லாம் முடிஞ்சு, பெரிய ஆட்டக்காரரைக் கௌரவிக்கிற அந்தப் புகழ் மண்டபத்திலை என்னை ஏத்தினா, அங்கை நிண்டு நானே சொல்லுவன். இந்தக் காலை நிமித்தினது மிஸிஸின்ரை கையெண்டு சொல்லுவன்.”

“என்ரை மனுசனுக்கும் சொல்லக்கூடாதோ?”

“அவருக்குத்தான் கட்டாயம் சொல்லக்கூடாது. ரேடியோக்காரருக்குப் போன் எடுத்துச் சண்டை பிடிக்கிற ஆளெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

நியாயமாகத்தான் இருந்தது. வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் நான்கு ஆட்டப் பருவங்கள் ஆடினீர். பந்து வரும் பக்கம் முழங்காலில் விழுந்து, எழும்பாமலே முதலாம் தளத்துக்கு எறிந்தீர். அதைக் கலை என்றார்கள். என் கணவர் வரவேற்பறைக் கம்பளத்தில் முழங்காலில் விழுந்து, ஒரு தோடம்பழத்தை எனக்கு எறிந்து காட்டுவார். “பாரும், எழும்பாமலே எறியிறான். உலகத்திலை வேறை ஒருத்தனுக்கும் ஏலாது.” எழும்ப முடியாததால்தான் எழும்பாமல் எறிந்தீர் என்பது எனக்குத் தெரியும். தோடம்பழத்தைப் பிடித்துத் திருப்பி எறிந்தேன். கட்டிய மனிதரிடம் நான் மறைத்தது அது ஒன்றுதான், அதுவும் உமக்காக.

பிறகு நீர் ஓய்வுபெற்றீர். சில வருடங்களில் அணியும் இந்த நகரத்தை விட்டுப் போனது. முதல் இரண்டு தடவையும் உம்மை மண்டபத்துக்குத் தெரிவு செய்யவில்லை, மூன்றாம் தடவை செய்தார்கள். அந்தக் கடைசி நான்கு பருவங்கள் இல்லாவிட்டால் நீர் உள்ளே போயிருக்கமாட்டீர் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். நானும் என் கணவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். நான் நல்ல சேலை ஒன்று உடுத்தியிருந்தேன். ஏன் என்று அவர் கேட்டார், சும்மா என்றேன்.

தாயாருக்கு நன்றி சொன்னீர். பயிற்சியாளருக்குச் சொன்னீர். பிறகு சிரித்தீர். “மொன்றியலிலை ஒரு சின்ன மனுசி இருந்தவ, கீழை நாட்டுக்காரி. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மந்திரிச்ச நூல் ஒண்டை என்ரை கால்சட்டைக்குள்ளை வைச்சுத் தைப்பா. அது இருக்குமட்டும் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை.”

வெயிலில் இருந்த அத்தனை சனமும் சிரித்துக் கைதட்டியது. நான் முணுமுணுத்தது உண்மை. ஊசி கோக்கும்போது அருள்நிறை மரியே செபம் சொல்வது என் வழக்கம். அதையா நீர் மந்திரம் ஆக்கினீர்? கால்சட்டை ஏன் தனியாகத் தையற்கடைக்குப் போகிறது என்று உமது டொக்டர் கேட்ட நாளிலிருந்தே இந்தக் கதையைத்தான் சொல்லி வந்தீராம். விளையாட்டுக்காரரின் நம்பிக்கை என்றால் மேற்கொண்டு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆட்டம் முடியும்வரை அந்தப் பொய் உமக்குத் தேவைப்பட்டிருக்கலாம். மண்டபத்தில் நின்றபோது என்ன தேவை?

என் கணவர் கண்ணீர் வரச் சிரித்தார். “இஞ்சாரும், உம்மைத்தானே சொல்லுறான்? நூல் கட்டினனீரோ?”

“இல்லை.”

“பின்னை என்ன தைச்சனீர்?”

நீர் வாக்கை உடைத்தால் நானும் உடைக்கலாம் என்று என்னை வளர்க்கவில்லை. தேத்தண்ணி போடவென்று எழும்பிப் போனேன். அன்றிலிருந்து அவர் என்னை ‘நூல்காரி’ என்று கூப்பிட்டார். செல்லமாகத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்தப் பெயரோடுதான் போனார்.

அவர் சொல்லிச் சொல்லி அந்தக் கதை எங்கள் சனத்துக்குள் பரவியது. மாதா கோவிலில் நடந்தது உமக்குத் தெரியாது. பூசை முடிந்து வரும்போது லவாலில் இருந்து வந்த ஒரு பெண் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். “அன்ரி, தம்பிக்குச் சோதினை வருது. ஆரிட்டையும் சொல்லமாட்டன், ஒரு நூல் கட்டிவிடுங்கோ.” அது உமக்குப் பகிடியாக இருக்கும். அடுத்த ஞாயிறு பங்குத்தந்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாக, ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றை விட்டுவிட வேண்டும் என்றார். அறுபது வயது தாண்டி, தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றேன்.

உமக்கு ஒரு கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில், இரண்டு ‘தயவுசெய்து’ வைத்து. பதிலாக உமது கையொப்பம் இட்ட படம் வந்தது. என் கணவர் அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார். கடைசிக் காலத்தில் பியர்பொன்ட்ஸில் மகள் வீட்டில் இருந்தீராம். இங்கிருந்து காரில் அரை மணித்தியாலம். ஒரு முறையாவது வந்திருக்கலாம்.

புதன்கிழமை உமது மகளுக்குப் போன் எடுத்தேன். “கையெழுத்து வைக்கமாட்டன், பிள்ளை. நேரிலை வாரும்.” சனிக்கிழமை வந்தாள். உமது உயரம், உமது நெற்றி. தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கால்சட்டையின் உட்பக்கத்தைப் புரட்டி, முழங்காலின் உள்துணியைப் பிரித்தேன். மூன்றாம் பருவத்தில் ஐந்து மடிப்பை ஏழாக்கியிருந்தேன். அவள் விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினாள்.

“நூல் எங்கை?”

“தைச்ச நூல்தான். மந்திரம் எண்டு ஒண்டும் இல்லை. உம்மடை அப்பாவுக்கு முழங்கால் பழுது. அதை ஒளிக்கிறதுக்குத்தான் இது.”

இத்தனை வருடம் காத்திருந்து சொன்ன வசனம். அவள் வெட்கப்படுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த மடிப்புகளின்மேல் கையை வைத்தபடி இருந்தாள்.

“அப்பா பின்பக்கமாத்தான் படி இறங்குவார்,” என்றாள். “கைப்பிடியை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு. நாங்கள் வயசெண்டு நினைச்சம். நோகுதோ எண்டு கேட்டா, நூல் இருக்கெண்டு சிரிப்பார்.” பிறகு கேட்டாள்: “அந்த நேரம் டொக்டருக்குத் தெரிஞ்சிருந்தா?”

“ஆட விட்டிருக்க மாட்டினம்.”

“கால் தப்பியிருக்குமோ?”

“தப்பியிருக்கலாம்.”

“அப்ப நீங்கள் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

வாக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது உண்மை, ஆனால் காரணம் அது இல்லை. நான் தைத்துக் கொடுத்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த முழங்கால் முந்திய கிழமையைவிட மோசமாக வந்தது. அதைக் கண்டதும் எனக்கு முதலில் வந்த யோசனை காலைப் பற்றியது இல்லை, இன்னும் ஒரு மடிப்பை எப்படி வெளியே தெரியாமல் வைப்பது என்பது. இந்த நாட்டில் என் கைக்குத் தகுந்த வேலையைத் தந்தது நீர் ஒருவர்தான். அது நின்றுபோவதை நான் விரும்பவில்லை.

“எனக்கு அந்தத் தையல் பிடிச்சிருந்தது, பிள்ளை,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். தாளைத் திருப்பி எனக்கு முன்னால் வைத்து, எழுதித் தாங்கோ என்றாள். எழுதினேன்: ‘இவரது வலது முழங்கால் பழுதாக இருந்தது. அதை மருத்துவரிடமிருந்து மறைக்க இந்த ஏழு மடிப்புகளும் தைக்கப்பட்டன. தெரிந்துகொண்டே தைத்தவள் நான்.’

“பேர் போடட்டோ?”

“முழுப் பேரும் போடும்.”

உம்மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. என் கணவர் என்னைப் பற்றித் தவறாக அறிந்துகொண்டு போனார், அதை இனி நீரும் திருத்த முடியாது, நானும் திருத்த முடியாது. ஆனால் உம்மை நினைக்கும்போது இனி அந்த மண்டபத்து மேடையும் கைதட்டலும் எனக்கு வருவதில்லை. நான் கண்ணால் காணாத ஒன்று வருகிறது. பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டு மாடிப்படி, மேல்படியைப் பார்த்தபடி பின்பக்கமாக, ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி இறங்குகிற ஒரு பெரிய மனிதர். பதின்மூன்று படிகளாம். உமது மகள் கீழே நின்று எண்ணியிருக்கிறாள்.