திருட்டுப் பிரதியில் உன் குரல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று விடுமுறை. என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணன் போனில் ஒரு படம் போட்டார். பார்த்தால் நம் படம். மூன்று வருடம் நான் ஒலிப்பதிவு செய்து, வெளியான அன்றே இணையத்தில் திருட்டுத்தனமாக வந்து, தியேட்டரில் காற்றாடிய அதே படம். அது ஓடியிருந்தால் நான் இங்கே பெட்டி சுமக்க வந்திருக்க மாட்டேன்.

"இந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு நான்தாண்ணே."

"அப்படியா? அப்ப உன்கிட்ட இதைவிட நல்ல பிரிண்ட் இருக்குமே, குடேன்."

நல்ல மனுஷர். அதில் தப்பிருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அப்புறம் நீ பாடிய தாலாட்டு வந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு உன்னை யாரும் பாடக் கூப்பிடவில்லையே.

முடிந்ததும், "எனக்கும் அனுப்புங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டேன். நம் வயிற்றில் அடித்தவர்களோடு நானும் சேர்ந்துவிட்டேன்.

ஊரிலிருந்து வருகிறவரிடம் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. அந்தத் தாலாட்டை நீயே பாடிப் பதிவு செய்து அனுப்பு. வந்ததும் படத்தை அழித்துவிடுகிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்