எலிக்குப் போட்ட ஊசி

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சியின் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டீர்களாமே? நேற்று அவளே போனில் அழுதாள். "மறுபடி வலிப்பு வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டேண்ணா. ஒரே ஊசியில சரியாயிடும்னு நீயே எழுதியிருக்கியாம், இனி மாத்திரை எதுக்குன்னு அப்பாதான் நிறுத்திட்டாரு."

நான் எழுதியது எலியைப் பற்றி, அப்பா! மூளையில் இயல்பாகச் சுரக்கும் ஒரு சிறு புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் மரபணுவை எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். ஏழாம் கூண்டு எலிக்கு வலிப்பு அடங்கியது. எட்டாம் கூண்டில் அடங்கவில்லை. இந்த ஊசி மனிதருக்கு எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது. பெருமையடித்து எழுதிய என் கையை முறிக்க வேண்டும்.

இங்கே எலிக்கு வலிப்பு வந்தால்கூட நேரத்தோடு நோட்டில் எழுதுகிறேன். அவளுக்குக் காலண்டரில் ஒரு கோடு போட வீட்டில் ஆளில்லையா?

ஏழாம் எலி நேற்று என் விரலைக் கடித்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. இந்த ஊரில் நான் தமிழில் பேசுவது அதனிடம் மட்டும்தான். தங்கச்சியை நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இன்றே அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குக் கூண்டு கழுவ நேரமாகிவிட்டது. இங்கே ஓர் எலி செத்தால் மறுநாளே அதே கூண்டுக்கு வேறொன்று வந்துவிடும், அப்பா.

உங்கள் மகன்