டிரைவ்தான் போனது, டிரைவர் அல்ல

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, நான், உன் தங்கை வாலு மூவரும் நலம், லேப்டாப் மட்டும் நலமில்லை. நடுக்கடலில் நீயும் உன் எஞ்சினும் எப்படி இருக்கிறீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இதை உன் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான் சொல்லச் சொல்ல எழுதுவது வாலுதான். மூன்று நாளாக பஸ் டிப்போவின் நாற்பத்தாறு டிரைவர்களுக்கும் டூட்டி லிஸ்டைக் கையாலேயே எழுதி என் விரல்கள் வீங்கிவிட்டன, கரண்டியைக்கூட இடது கையால்தான் பிடிக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். கண்ணாடி இல்லாமல் அம்மாவால் இதைப் படித்துப் பார்க்க முடியாது. கண்ணாடி இப்போது அலமாரி உச்சியில் இருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்று கேட்காதே.)

நடந்ததைச் சொல்கிறேன். நீ படிக்கும்போது வைத்திருந்துவிட்டு எனக்குக் கொடுத்த அந்த லேப்டாப் போன மாதத்திலிருந்தே உள்ளே யாரோ நகம் வெட்டுவது போல டக் டக் என்று சத்தம் போட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் ஒரு பானை சோறு வடித்துவிடலாம். டிப்போ வாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் ரிப்பேர்காரனிடம் காட்டினேன். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எல்லாத்தையும் சேத்து வைக்கிற டிரைவ் சாகக் கிடக்குதுக்கா, உடனே புதுசு போட்டுடுவோம் என்றான். (அந்த அண்ணனுக்கு நான் வைத்த பெயர் திருப்புளி. கொடுத்த பொருளைச் சொன்ன நாளில் திருப்பித் தரமாட்டார், கேட்டால் புளித்த முகம் காட்டுவார்.) பழைய டிரைவில் இருந்ததை எல்லாம் புதியதற்கு நகல் எடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. நகல் முடிந்த கையோடு பழையது ஒரேயடியாக நின்றுவிட்டது. நல்லவேளை என்று பெருமூச்சு விட்டேன், அந்த மூச்சு பாதியிலேயே நின்றது. புதியதை மாட்டி பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. துவங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தமாம். கழற்றித் துடைத்து மாட்டினான், அதே வரி. வேறு ஸ்க்ரூ போட்டான், அதே வரி. உன் அப்பா ஒரு தட்டு தட்டிப் பார்ப்பதற்குக் கையை ஓங்கினார், நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். (அக்கா, இது பூட் ஆகல என்றார் திருப்புளி. பூட்டே ஆகலைன்னா திறந்துதானே இருக்கும், உள்ள போக வேண்டியதுதானே என்றேன். புளித்த முகம்.)

இதற்கு நடுவில் டிப்போவுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா, டைம் கீப்பருக்குப் போன் போட்டேன். அவருக்குக் காது பாதி, பஸ் சத்தம் மீதி. பழைய டிரைவ் போயிடுச்சு சார், புதுசு போட்டிருக்கு, ஆனா இன்னும் எழுந்திருக்கல என்றேன். அவர் காதில் விழுந்தது பழைய டிரைவர் போயிட்டாரு என்று. டிப்போவில் பழைய டிரைவர் என்றால் ஒருவர்தான், உனக்கே தெரியும், நாய் குறுக்கே வருமோ என்று நினைத்தாலே பிரேக் அடிக்கும் நம் பிரேக் மாமா. அன்று பார்த்து அவருக்கு விடுமுறை. மதிய ஷிப்ட் முடிந்த பத்துப் பேர் மாலையோடு அவர் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்கள். கதவைத் திறந்தவர் முகமெல்லாம் சவர நுரையோடு பிரேக் மாமாவே. முன்னால் நின்றவன் மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். சாயங்காலம் அந்த மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி நம் வீட்டுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, ஏம்மா, நான் போயிட்டேன்னு நீயே சொல்லிட்டே, அப்ப இந்த மாசம் எனக்கு நைட் டூட்டி கிடையாதுல்ல என்று கேட்டார். அந்த ஒரு நேரம்தான் நான் இந்த வாரத்தில் சிரித்தது. (எனக்குக் கிடைத்த சிரிப்பு அதைவிட அதிகம். போட்ட மாலையைக் கழற்றி மாமா லேப்டாப்புக்குப் போட்டுவிட்டுப் போனார். இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் ரிப்பேர்காரன் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு ஒன்று சொன்னான், அது மட்டும் எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு லிஸ்ட் இருக்கிறதாம், காலையில் யாரை வைத்துத் துவங்க வேண்டும் என்று. அதில் இன்னும் பழைய டிரைவின் பெயர்தான் இருக்கிறது, புதியதன் பெயரே ஏறவில்லை. லிஸ்டில் பெயர் இல்லாதவன் எப்படி வண்டி எடுப்பான், இருபது வருடமாக நான் எல்லாருக்கும் சொல்வது அதுதானே. அப்ப பெயரைச் சேர்த்துவிடு தம்பி என்றேன். சேர்க்கத்தான் போனான், பாஸ்வேர்ட் கேட்கிறது. அதைப் போட்டது நீ. வாலு விளையாட்டுக்காக லேப்டாப்பை நோண்டுகிறாள் என்று பூட்டி வைத்தாயே, அது. பூட்டினது சரி, சாவியை ஏன்டா கடலுக்குக் கொண்டு போனாய். (நோண்டியது உண்மை. எழுத்து எல்லாம் தலைகீழாகத் தெரியும்படி மாற்றியதும் உண்மை. ஒரு வாரம் நீ தலைகீழாகத் தொங்கியதும் உண்மை.)

மூன்று தடவை தப்பாகப் போட்டால் அணைந்துவிடும், மறுபடி போட்டு மறுபடி மூன்று. உன் பிறந்த தேதி, என் வேலை நம்பர், நீ பள்ளிக்குப் போன பஸ் நம்பர், கப்பல் பெயர், எல்லாம் பார்த்தாயிற்று. (நீ நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதி அடித்த அந்தப் பெயரையும் போட்டுப் பார்த்தேன். யார் பெயர் இது என்றாள் அம்மா, ஏதோ நாட்டின் தலைநகரம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கடன்பட்டிருக்கிறாய்.) பூட்டைப் பிரித்து எடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் மதர்போர்டு பலகையையே கழற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்கிறான். எனக்கு மூன்று வாரம் இல்லை. டிப்போ கொடுத்த டூட்டி புரோகிராம் இந்த ஒரு லேப்டாப்பில்தான் ஓடும். யார் எத்தனை நைட் பார்த்தார், யாருக்கு எந்த விடுமுறை பாக்கி, யார் மனைவிக்கு எந்த மாதம் பிரசவம், புரோகிராம் வந்த நான்கு வருடக் கணக்கும் அதற்குள். நான் கையால் எழுதி ஒட்டியது ஒரு வாரத்துக்குத்தான். முழு மாத லிஸ்ட் நாளை காலை பத்து மணிக்குள் வராவிட்டால் இனிமேல் தலைமை ஆபீசிலேயே போட்டுக்கொள்வார்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை, பாவம் நீங்களும் எவ்வளவு கஷ்டப்படுவீங்க என்றுதான் சொன்னார், திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் நான் மறுபடி டிக்கெட் கவுண்டரில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், என் முழங்காலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதம் நாளைக்குள் உன்னிடம் வராது என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் எழுத வந்தது லேப்டாப்பைப் பற்றி இல்லை.

வியாழக்கிழமை நீ கப்பலிலிருந்து பேசினாயே. உனக்குக் கொடுப்பதே இரண்டு நிமிடம், நான் எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல் லேப்டாப் பாஸ்வேர்ட் என்னடா என்றுதான் கேட்டேன், அது என் தப்பு. நீ தெரியாது என்றாய். அந்த ஒரே வார்த்தை. சொல்லிவிட்டுச் சிரித்தாய், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறந்துபோனால் மறந்துபோச்சு அம்மா என்று சொல்லியிருக்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். சிரிக்க என்ன இருக்கிறது என்று மூன்று நாளாக எழுதிக்கொண்டே யோசிக்கிறேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக் கஷ்டம் சிரிப்பாகத்தான் தெரியும்போல. நான் கோபப்படவில்லை கண்ணு, கோபப்படக் கொஞ்சம் தெம்பு வேண்டும். மூன்று நாள் தூக்கத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன், நாளைக்கு எப்படியும் அந்தக் கவுண்டரில்

(அண்ணா, அம்மா பாதி வாக்கியத்தில் தூங்கிவிட்டாள். மத்தியான வெயில் காலில் விழுகிறது, வீங்கின கை ஈரத்துணிக்குள் இருக்கிறது, வாய் இன்னும் டிக்கெட் கவுண்டர் என்று முணுமுணுக்கிறது. ஆனால் நான் உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. நீ சிரித்தாயா? இதை அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை. அவனுக்கு ஞாபகமில்லையாம் என்று மட்டும்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், திருப்புளியிடமும் அதுதான் சொன்னாள். சிரித்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். என் போனைத் திறக்கும் வார்த்தையே சொல்லமாட்டேன் என்பதுதான், கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். திருடா, என் வித்தையை எடுத்து எனக்கே பூட்டுப் போட்டிருக்கிறாய்.

மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைப் போட்டேன். நீ சொன்ன அந்தத் தெரியாது என்பதையே ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் தெரியும். கடைசியில் வரும் 'து'வுக்கு dhu என்று டி, எச், யு போட்டேன், திறக்கவில்லை. thu என்று டீ, எச், யு போட்டேன், திறந்துவிட்டது. டீ இல்லாமல் உனக்கு எதுதான் நடந்திருக்கிறது. நீலத் திரையில் லிஸ்ட் வந்தது, முதல் வரியில் செத்துப்போன டிரைவ் இன்னும் டூட்டியில் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியவரை ஏற்றினேன், சேமித்தேன். கறுப்பு, கறுப்பு, பிறகு டிப்போ முத்திரை. நாற்பத்தாறு பெயரும் இருக்கின்றன. பிரேக் மாமாவுக்கு இந்த மாதம் ஆறு நைட், அவர் செத்துப் பார்த்தும் பலனில்லை.

அம்மாவை நான் எழுப்பவில்லை. லிஸ்ட் போட அவளுக்கு இரண்டு மணி நேரம் போதும், இன்னும் நிறைய பகல் இருக்கிறது, தூங்கட்டும். கடிதத்தை அவள் பாணியிலேயே நான் முடிக்கிறேன்.)

உடம்பைப் பார்த்துக்கொள். எஞ்சின் ரூமில் காதுக்கு அடைப்பு வைக்காமல் நிற்காதே. ஈரத் தலையோடு படுக்காதே. நீ எந்தத் தண்ணீரில் இருந்தாலும் நல்ல காற்றும் நல்ல மனிதர்களும் உன் பக்கம் இருக்க அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். (அண்ணா, மறுபடி நான். மறக்காமல் நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லேப்டாப் எழுந்துவிட்டது என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்வேன், எப்படி என்று சொல்லமாட்டேன். அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் முதல் வேலையாக நீயே போன் செய்து சொல், அன்றைக்கு நீ அவள் கேட்டதற்குப் பதில்தான் சொன்னாய் என்று. அவள் வாயால் நான் எத்தனை எழுதினாலும் அதை மட்டும் உன் குரலில்தான் அவள் கேட்க வேண்டும்.)

இப்படிக்கு,
தூங்கிக்கொண்டிருக்கும் உன் அம்மா
(கைக்குப் பதில் கை: வாலு)