ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அக்கா வீடு

நவம்பர் 3, திங்கள்

காலை ஏழரை மணிக்கு அக்கா வீட்டைக் காணவில்லை.

பனி இருந்தது. ஆனால் ஒரு வீட்டையே விழுங்குகிற பனி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஜன்னலைத் துடைத்தேன். விமான நிலையக் கோபுரத்து மொட்டைமாடிக்கே ஏறிப் பார்த்தேன். பம்ப் அறை வரைக்கும் தெரிகிறது, அதற்கப்பால் வெள்ளை. தெரியாததைத் தெரியவில்லை என்றுதான் வானிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினேன். தலைக்கு மேல் இரண்டு சுற்று சுற்றிய விமானம் வந்த வழியே திரும்பிப் போனது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வருவது. அதுவும் போச்சு.

பதினொரு மணிக்கு வெயில் வந்ததும் பார்த்தால், வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாம்பல் நிறத்தில்! சனி, ஞாயிறில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

தலைமை அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் கேட்டார் மேலாளர். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

"ஐயா, இது ஒரு சர்க்கரை ஆலை முதலாளி தன் சின்ன விமானத்தை இறக்கப் போட்ட ஓடுபாதை. ஆலையை மூடிய பிறகு பன்னிரண்டு வருஷம் இங்கே ஆடு மேய்ந்தது. அப்புறம்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பார்வைத் தூரத்தை அளக்கக் கருவி வேண்டும் என்று ஒன்பது கடிதம் போட்டிருக்கிறோம். பதில் இல்லாததால், இங்கே முதன்முதலில் வானிலை பார்த்தவர் சங்கிலி பிடித்து அளந்து எழுதிய பட்டியலைத்தான் இன்றும் பார்க்கிறோம். பம்ப் அறை தெரிந்தால் ஐந்நூறு மீட்டர். மஞ்சள் வீடு தெரிந்தால் ஆயிரத்து ஐந்நூறு. தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் மூவாயிரம். விமானம் இறங்க ஆயிரத்து ஐந்நூறாவது வேண்டும். நடுவில் இருப்பது வெறும் பொட்டல், வேறு அடையாளம் கிடையாது. அந்த வீட்டுக்கு இப்போது சாம்பல் நிறம் பூசிவிட்டதால் அது பனியோடு பனியாகிவிட்டது."

வீட்டுக்காரர் யார் என்று எழுதவில்லை. எழுதினால், உங்கள் அக்காதானே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்பார்கள். சொல்லலாம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்தால்.

நவம்பர் 6, வியாழன்

ரத்து. மூன்று ஆகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

ஒரே நாளில் இரண்டு கடிதம். தலைமை அலுவலகம் சொல்கிறது: புது அடையாளம் குறிக்க நில அளவைக் குழு வர வேண்டும், எட்டு மாதம் ஆகும். விமான நிறுவனம் சொல்கிறது: டிசம்பர் முடிவதற்குள் பத்து ரத்து ஆனால் இந்த ஊருக்கு விமானமே கிடையாது.

மேலாளருக்கு முகம் செத்துவிட்டது. டிக்கெட் பார்ப்பது, மைக்கில் அறிவிப்பது, பிறகு ஓடிப்போய்ப் பெட்டி ஏற்றுவது, மூன்றும் அவர்தான். இதை மூடினால் என்னை எங்கேயாவது தூக்கி அடிப்பார்கள். அவரை எங்கே போடுவார்கள் என்று அவருக்கே தெரியாது.

"ஆயிரத்து ஐந்நூறுன்னே எழுதிடுங்களேன், மேடம். வீடு அங்கதானே இருக்கு? எங்க போயிடும்?"

"வீடு இருக்கான்னு விமானி கேக்கலை சார். தெரியுதான்னுதான் கேக்கறார்."

கோபம் வந்தாலும் அவர் என்னிடம் கத்துவதில்லை. மைக்கைப் போட்டு, யாருமே இல்லாத கூடத்தில், விமானம் ரத்து என்று மறுபடியும் ஒருமுறை அறிவித்தார்.

நவம்பர் 13, வியாழன்

அக்காவிடம் தீயணைப்பு அண்ணனைத் தூது அனுப்பினார்கள். பதினொரு வருஷமாக இங்கே ஒரு தீக்குச்சி கூட எரியவில்லை. வண்டித் தண்ணீரில் ரோஜா வளர்க்கிறார். மனுஷன் நாக்கில் தேன், யாரையும் மடக்கிவிடுவார் என்று மேலாளர் சொன்னார்.

இரண்டு மணி நேரம் கழித்து வயிறு நிறைய வந்தார்.

"நல்லா கவனிச்சாங்கம்மா. ரெண்டு தடவை சோறு போட்டாங்க."

"பெயிண்ட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"அது வந்து... அவளுக்குத்தான் என் வீடு தெரியலையே, அது எந்தக் கலர்ல இருந்தா அவளுக்கென்னன்னு கேட்டாங்க. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."

நவம்பர் 14, வெள்ளி

தூக்கமே வரலை. நியாயமாம்! என்ன நியாயம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. அடித்துப் பிடித்து விமானம் ஏற வந்தாள் அக்கா. அவள் கீழே, நான் மேலே. பனியில் மஞ்சள் வீடு தெரியவில்லை, அவள் வீடுதான். எழுதினேன். விமானம் இறங்காமல் போய்விட்டது. பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் பேத்தி பிறந்து, குளிப்பாட்டி, தூங்கவும் வைத்துவிட்டார்கள். "ஊர்ல எத்தனையோ வீடு இருக்கு, என் வீடுதான் உன் கண்ணுக்குத் தெரியலையாடி?" என்று போனில் கேட்டாள். அதோடு சரி.

நான் என்ன தப்பு பண்ணேன்? அக்கா வீடுன்னு பனி விலகி வழி விடுமா? தெரியாததைத் தெரியுதுன்னு எழுதி, விமானத்தைக் கொண்டுபோய்ப் பொட்டல்ல குத்தியிருந்தா சந்தோஷமா?

போக மாட்டேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை நான்.

நவம்பர் 19, புதன்

ஆறு.

நவம்பர் 21, வெள்ளி

எட்டு. மேலாளர் பெட்டி ஏற்றும் தள்ளுவண்டியை யாருக்கு என்று இல்லாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்குப் போகிறேன். மன்னிப்பு எல்லாம் கிடையாது. விளக்கம் மட்டும்.

நவம்பர் 22, சனி

போனேன்.

அக்கா கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. "செருப்பை வெளியில விடாதே, நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். அத்தான் என்னைப் பார்த்ததும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் நழுவிவிட்டார்.

நாலு காரணம் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். "அன்னைக்குப் பனி..." என்று முதல் காரணத்தைத் தொடங்கினேன்.

"நீ எழுதினது தப்புன்னு யாருடி சொன்னா?"

நாலும் போச்சு.

"நான் கீழே ஒத்தையா உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். நடுவுல இருபத்திரெண்டு படி. அந்தத் தீயணைப்புக்காரர் வந்து தண்ணி குடுத்தாரு. பெட்டி தூக்கறவரு வந்து பக்கத்துல உக்காந்தாரு. நீ இறங்கி வரலை."

உண்மைதான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வருஷமாக நான் பனியைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தேன், அவள் பனியைப் பற்றிப் பேசவே இல்லை.

"உன் மூஞ்சியைப் பாக்கப் பயமா இருந்துச்சுக்கா."

"பயமாம்! எந்தப் பனியிலயும் மொட்டைமாடி ஏறி நிப்பா, அக்கா மூஞ்சிக்குப் பயமாம்."

"வந்திருக்கணும். தப்புதான்."

சொல்லிவிட்டேன். அழுதேன், அவளும் அழுதாள். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் கொல்லைக்கே போய்விட்டார். பேத்தியின் படங்களைக் காட்டினாள். இரண்டு வயசு. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

பாதி வழியில் மேலாளர் போன் பண்ணினார். "என்ன மேடம், சம்மதிச்சுட்டாங்களா?"

"எதுக்கு?" என்று கேட்டேன். பெயிண்ட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் 26, புதன்

அக்கா போன். எடுத்த எடுப்பில், "கடைக்காரன் பதினேழு மஞ்சள் காட்டறான். உனக்கு எதுடி தெரியும்?"

நவம்பர் 30, ஞாயிறு

சுவரைக் கழுவத் தீயணைப்பு வண்டி போனது. பதினொரு வருஷத்தில் வந்த முதல் அழைப்பு. அண்ணன் உற்சாகத்தில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். சுவர் சுத்தமாகிவிட்டது. கொடியில் காய்ந்த அத்தான் சட்டைகள் மூன்றைப் பொட்டலில் தேடிப் பொறுக்கினோம்.

"உனக்காகன்னு நினைச்சுக்காதே. சாம்பல் எனக்கே பிடிக்கலை, ஜெயில் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. மேலாளர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் அடிப்பது இன்னும் சற்று நேரத்தில் முடிவடையும் என்று மைக் குரலிலேயே அறிவித்தார்.

டிசம்பர் 4, வியாழன்

வீடு சூரியகாந்தி மாதிரி நிற்கிறது. அப்படியும் இன்று தெரியவில்லை. நிஜப் பனி. ஒன்பது.

டிசம்பர் 12, வெள்ளி

இன்றைய விமானத்தில் அக்கா மகளும் பேத்தியும்.

ஏழு நாற்பதுக்குப் பார்த்தேன். பம்ப் அறை தெரிந்தது. வீடு இல்லை. விமானம் மேலே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் காத்திருக்க எரிபொருள் இருக்கிறது, அதற்குமேல் திரும்பிவிடுவேன் என்றார் விமானி. கீழே மேலாளர் மைக்கைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உன் வீடு தெரியலைக்கா."

அந்தப் பக்கம் படி ஏறுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும்தான் உன் டவர் தெரியலை. மாடிக்கு வந்துட்டேன். வெச்சுடாதே, இரு."

இருந்தேன். குளிருகிறது என்றாள். சால்வை எடுத்துக்கொள் என்றேன். அத்தான் எடுத்து வந்தார். எட்டு ஐந்துக்குக் கத்தினாள்: "தெரியுதுடி! உன் டவர் தெரியுது! எழுது!"

"எனக்கு உன் வீடு தெரியணும்கா."

"அன்னைக்கும் இதே பிடிவாதம்தான்."

"ஆமா."

ஆனால் அவள் போனை வைக்கவில்லை. எட்டு பதினொன்றுக்கு, பம்ப் அறைக்கு அப்பால், லேசாக ஒரு மஞ்சள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இருந்தது. எழுதினேன்.

விமானம் இறங்கியது 8.24-க்கு. அக்கா போனை வைத்தது 9.10-க்கு.